கரவன் இழுக்க ஒரு வண்டி

எங்கள் தோட்டத்துக்கு ஒரு கரவன் கிடைத்தது. கொடுத்தவர்கள் அதை நானுஓயா ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அங்கிருந்து தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவுக்கு இறக்குவது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சும்மா கிடைத்ததற்கு இதுவே பெரிது என்றார் தலைவர் முத்துலிங்கம். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்று ஒரு அறையைக் கொடுத்துவிட்டு அதை நடுவழியில் விட்டுப்போனால் அது என்ன கொடுத்த லட்சணம் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

கரவன் என்றால் சக்கரம் வைத்த வீடு. எஞ்சின் கிடையாது, வேறொரு வண்டியின் பின்னால் பூட்டித்தான் இழுத்துப் போகவேண்டும். வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்ற வரும்போது அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார்களாம். எங்களுக்கு வந்தது பெரிய சாமான். நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பரா இரண்டைச் சேர்த்துவைத்த நீளம் இருக்கும். உள்ளே இருந்த மெத்தை, அடுப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிரசவம் பார்க்கும் கட்டில், கைகழுவும் தொட்டி, விளக்கு, மருந்து அலுமாரி என்று வைத்துத் தந்திருந்தார்கள். அதை என் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் மருத்துவிச்சி ஒருவர் வந்து தங்குவதாகப் பேச்சு.

என் பிள்ளைக்காம்பரா என்று சொல்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா நான். பெயர் பெற்றீசியா. என் வாய்க்குப் பயந்து, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவே அந்தப் பக்கம் சுற்றித்தான் போவார் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது.

மழை பிடிப்பதற்கு முன்னால் கரவன் வந்து சேர வேண்டும் என்று நான் துடித்ததற்குக் காரணம் சர்மிளா. அவளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மா நாகலெட்சுமி என் சிநேகிதி. சர்மிளா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இரண்டாவது பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கொழுந்து லொறியின் முன்சீட்டில், என் மேல் சாய்ந்தபடியே நாகலெட்சுமி செத்துப்போனாள். வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. லொறியை ஓட்டியது அவள் புருஷன் நல்லமுத்து. தாய் போன வழியில் மகளும் போய்விடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே கிடையாது.

கொழுந்து லொறி என்று பெயர்தானே தவிர, அது கொழுந்து மட்டுமா ஏற்றுகிறது? உரம், விறகு, அரிசி மூட்டை, திருவிழாவுக்கு மைக்செட்டு, காய்ச்சல்காரர், கலியாண வீட்டுச் சனம், பிணம் எல்லாம் அதில்தான். பிள்ளைத்தாய்ச்சியையும் அதில்தான் ஏற்றுவோம். ஆம்புலன்சுக்குப் போன் அடித்தால் அது பெரிய ரோடு வரைக்கும்தான் வரும். நாகலெட்சுமி செத்த பிறகு எங்கள் லொறியில் பிள்ளைத்தாய்ச்சிகள் ஏறுவது நின்றுபோனது. கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை. காவு வாங்கின வண்டி என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, கிடைக்காவிட்டால் கம்பளியில் தூளி கட்டி நாலு பேர் பெரிய ரோடு வரைக்கும் தூக்கிப் போவார்கள். லொறி பக்கத்தில் சும்மா நிற்கும்.

நல்லமுத்துவும் ஏற்றுங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்காக அவர் அந்த லொறியை விட்டுப் போகவும் இல்லை. தினமும் கொழுந்து ஏற்றி, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கொண்டுபோவார், தினமும் கழுவி நிறுத்துவார். முன்சீட்டில் மட்டும் யாரையும் உட்காரவிடமாட்டார். தோட்டத்தை நடத்துகிற தொரையே ஒருநாள் ஏறப் பார்த்தபோது, சீட்டு சரியில்லைங்க ஐயா என்று சொல்லி இறக்கிவிட்டாராம்.

கரவனுக்கு வண்டி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்த நல்லமுத்துவிடம்தான் வந்தது. தோட்டத்தில் பாரவண்டி ஓட்டத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? அவரும் முத்துலிங்கமும் நானும் பஸ் ஏறி நானுஓயாவுக்குப் போனோம். அவர் கரவனைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். அடியில் படுத்து, முழங்கையெல்லாம் துருவோடு வெளியே வந்தார்.

"சக்கரம் நல்லாத்தான் இருக்குங்க. சொந்தமா பிரேக்கும் இருக்கு. முன்னுக்குப் போற வண்டி மெதுவானா, இது தானா பிடிக்கணும். ஆனா ரொம்ப நாளா நின்ன சாமான். அத நம்பி எறங்க முடியாது."

"நம்ம கோயில் டிரக்டர் இருக்கேப்பா. தேரையே இழுக்குது, இத இழுக்காதா?" என்றார் முத்துலிங்கம். டிரக்டர் கோயில் பேரில் இருந்தாலும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

"தேரு நடக்குதுங்க தலைவரே, இது ஓடணும். டிரக்டருக்குப் பின்னுக்கு மட்டுந்தான் பிரேக். இந்தப் பாரம் வந்து முதுகுல ஏறுனா முன்சக்கரம் தரையில நிக்காது."

"அப்ப எந்த வண்டிக்குத்தான் அந்தப் பலம் இருக்குங்கிற?"

"இழுக்கிற பலம் பெரிசில்லைங்க. நம்ம ரோடு முழுக்க எறக்கம். எறக்கத்துல கரவன் வந்து வண்டியத் தள்ளும். தள்ளுனாலும் அசையாம நிக்கிற வண்டி வேணும். கரவனவிடப் பாரமா இருக்கணும், சின்ன கியரப் போட்டுப் பிடிச்சுக்கிட்டே எறங்கணும்."

அவர் சொல்லச் சொல்ல என் கண் முன்னால் ஒரே ஒரு வண்டிதான் வந்து நின்றது. முத்துலிங்கத்தைப் பார்த்தேன். அவர் ஸ்டேஷன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க சொல்றது நம்ம லொறியத்தானே?" என்றேன்.

நல்லமுத்து கைத்துருவைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"லோஜனோட டபுள்கெப் போதும்."

"இப்பத்தான் பாரமா வேணும்னு சொன்னீங்க. அது மரக்கறி ஏத்துற சின்ன வண்டியாச்சே."

"போதும்னு சொல்றேன்ல, தங்கச்சி."

நல்லமுத்துவே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முத்துலிங்கம் உடனே முடித்துவைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. பிள்ளை பிறக்கப் போகிற அறையைக் காவு வாங்கின வண்டியில் பூட்டுவதா என்ற பயம் எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால்தானே மறுத்துப் பேசமுடியும். ஒருவரும் சொல்லவில்லை. நல்லமுத்து கரவனுக்குள் ஏறி, பிரசவக் கட்டிலை முன்பக்கமாக நகர்த்திக் கட்டினார். பாரம் பின்னால் விழுந்தால் வால் ஆடும் என்றார். வேலையில் குறை வைக்கிற மனிதர் இல்லை.

லோஜன் மரக்கறி ஏற்றுகிற பையன். வண்டியைக் குழந்தை போல வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டபுள்கெப்புக்குச் சந்தனம் பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிக் கரவனைப் பூட்டினார்கள். நான் வேதக்காரி, ஆனாலும் அன்றைக்குக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பெரிய ரோட்டில் வண்டி அழகாக வந்தது. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். லோஜன் ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டு ஓட்டினான்.

தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் தூறல் பிடித்தது. ஓடைக்கு இறங்குகிற வளைவுதான் எங்கள் ரோட்டில் மோசமான இடம். நாங்கள் ஒரு கூட்டம் குறுக்குப்பாதையால் இறங்கி அங்கே முன்னதாகவே போய் நின்றோம். டபுள்கெப் வளைவுக்குள் வந்தது. லோஜன் பிரேக்கை மிதித்தான், வண்டியின் வேகம் குறையவில்லை. கரவன் பின்னாலிருந்து தள்ளத் தள்ள, டபுள்கெப்பின் பின்பக்கம் அப்படியே ஒரு பக்கமாக வழுக்கியது. யாரோ 'ஒடிச்சுத் திருப்பு, ஒடிச்சுத் திருப்பு' என்று கத்தினார்கள். கரவனின் பின்சக்கரம் ஒன்று மலைப்பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி, அந்தப் பெரிய உடம்பு மண்மேட்டில் சாய்ந்துகொண்டு நின்றது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் ஓடைதான். லோஜன் கதவைத் திறந்து இறங்கி, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பெண்கள் ஓடி ஓடிக் கல் பொறுக்கிச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தோம். முத்துலிங்கத்துக்குப் போன் வந்தது. அவர் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"தொர பேசுறாரு. கொழுந்து போற ரோடு இது ஒண்ணுதானாம். நாளைக்குக் காலையில பெரட்டுக்கு ஆள் கூடுறதுக்கு முன்னுக்கு எடுக்காட்டி, ரோட்ட விட்டுக் கீழ தள்ளிறச் சொல்றாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் நான் அழுது அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். டிரக்டரைக் கொண்டுவரலாம் என்றார் ஒருவர், கயிறு கட்டி ஐம்பது பேர் பிடிக்கலாம் என்றார் இன்னொருவர். நல்லமுத்து ஓடைப்பக்கமாக நின்று கரவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான், யாரோ போனில் சொல்லக் கேட்டு, கீழே லயத்துப் பக்கமிருந்து சர்மிளா ஏறி வந்தாள். ஒரு கையில் குடை, ஒரு கை இடுப்பில். பத்து அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஒனக்கு என்னடி பைத்தியமா? இந்த வழுக்கல்ல ஏறி வர்ற" என்று நான் கத்தினேன்.

"இருங்க சித்தி" என்று என்னைத் தாண்டி நேராக அப்பாவிடம் போனாள். "அப்பா, லொறிய எடுத்துட்டு வாங்க."

"அந்தப் பேச்ச விடு."

"வேற எந்த வண்டி இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"வேற ஏதாவது பாப்பம்மா."

"மழை வரப்போகுது. நாளைக்குக் காலையில தள்ளிவிட்டுருவாங்களாம்ல. எப்ப பாப்பீங்க?"

"ஒங்கம்மாவ முழுங்குன வண்டிம்மா அது. ஒனக்குன்னு வர்ற சாமான அதுல பூட்டச் சொல்றியா?"

அவர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

சர்மிளா சத்தம் போடவில்லை. எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் அவரைப் பார்த்தே சொன்னாள். "வண்டி முழுங்கலப்பா. ஆஸ்பத்திரி தூரமா இருந்துச்சு. அந்தத் தூரந்தான் அம்மாவக் கொன்னுச்சு. லொறி இல்லாட்டி அம்மா இந்த வளைவு வரைக்குங்கூட வந்திருக்க மாட்டாங்க, லயத்துலயே கெடந்து போயிருப்பாங்க. அந்தத் தூரத்தக் கொறைக்கத்தானே இது வருது. இத வேற எந்த வண்டிப்பா கொண்டாந்து விடணும்?"

நல்லமுத்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் வெரசா ஓட்டியிருக்கலாம்மா. ஒவ்வொரு நாளும் இந்த வளைவுல வந்தா அதுதான் நெனைப்பு. கொழுந்தோட வந்தாலும் அதுதான், வெறும் வண்டியா வந்தாலும் அதுதான்."

"நான் பக்கத்துல இருந்தேன்ண்ணே" என்றேன். "அதவிட வெரசா ஓட்டியிருந்தா நாம மூணு பேரும் ஓடையில கெடந்திருப்போம். நீங்க ஓட்டுனதுல ஒரு கொறையுமில்ல. நான் சொல்றேன்."

பதினான்கு வருஷமாக இதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கவேண்டும். அவர் கேட்காததால் சொல்லவில்லை, நாங்கள் சொல்லாததால் அவர் கேட்கவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து மேட்டில் ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு, லயத்துப் பக்கம் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் லொறி முனகிக்கொண்டு ஏறி வருகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் வேலைதான். டபுள்கெப்பைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். லொறியின் பின்னால் தண்ணீர்த்தாங்கி இழுக்கிற கம்பி ஏற்கெனவே இருந்தது. டபுள்கெப்பில் இருந்த பூட்டு உருண்டையைக் கழற்றி அதில் பொருத்தினார்கள். லோஜன்தான் மழையில் மல்லாந்து படுத்து முறுக்கினான். நல்லமுத்து லொறியைப் பின்பக்கமாகவே ஏற்றிக் கொண்டுவந்து, ஒரே தடவையில் கரவனின் மூக்குக்கு நேராக நிறுத்தினார்.

பூட்டி முடித்ததும் லொறியின் வெறும் பெட்டியை ஒருதரம் பார்த்தார்.

"பாரம் பத்தாது. வெறும் லொறியா எறங்குனா இதுவும் வழுக்கும்."

ஸ்டோரிலிருந்து உர மூட்டை எடுக்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, பூட்டு. முத்துலிங்கம் சாவிக்கு யாருக்கோ போன் அடித்தார், பதில் இல்லை.

"நாங்க என்ன பாரமில்லையா?" என்று கேட்டுவிட்டு நான் பின்கதவுச் சங்கிலியைப் பிடித்து ஏறினேன். என் உடம்பைத் தோட்டமே கேலி பண்ணும், அன்றைக்காவது அதனால் ஒரு பிரயோசனம் இருக்கட்டும் என்று சொன்னேன். ஓரிருவர் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். கையில் பிள்ளை இருந்தவர்கள் பிள்ளைகளை மேட்டில் நின்றவர்களிடம் கொடுத்துவிட்டு ஏறினார்கள். இந்த லொறி சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டே வயிற்றோடு பெரிய ரோடு வரைக்கும் கம்பளியில் போனவர்கள் அதில் எத்தனையோ பேர். ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, பின் அச்சுக்கு மேலே நெருக்கி நின்றோம்.

சர்மிளாவும் எழுந்து வந்து சங்கிலியில் கை வைத்தாள். நல்லமுத்து அவளைத் தடுத்தார்.

"நீ வேணாம்மா. அந்தப் பழைய பயமில்ல. எறக்கமா இருக்கு, அதான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்வாங்கினாள். அவர் போய்ச் சீட்டில் ஏறி, சின்ன கியரைப் போட்டார். ஆண்கள் கானுக்குள் இறங்கிக் கரவனின் பின்பக்கத்தைத் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். லொறி ஒரு முழம் நகர்ந்தது. சக்கரம் கானை விட்டு மேலே வந்ததும் கரவன் எங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த இடி என் முதுகெலும்பில் தெரிந்தது. லொறி வாங்கிக்கொண்டது. எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டே, நடக்கிற ஆளைவிட மெதுவாக வளைவில் இறங்கியது. யாரும் கூச்சல் போடவில்லை. பக்கத்தில் நின்றவள் முருகனைக் கூப்பிட்டாள், நான் மாதாவைக் கூப்பிட்டேன். பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் வந்து நின்றபோது எங்கள் எல்லாருக்கும் கால் மரத்துப்போயிருந்தது.

சர்மிளாவுக்கு அடுத்த மாதம் ஒரு விடியற்காலையில் வலி எடுத்தது. மழை சோவென்று பெய்துகொண்டிருந்தது. மருத்துவிச்சி கரவனில்தான் இருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது, சுடுதண்ணீர் இருந்தது, தலைமாட்டில் நான் இருந்தேன். மருத்துவிச்சி நல்ல மனுஷி, சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் போகிறது, ஏதாவது மாறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும் என்றார்.

அதற்கு ஏற்பாடு வெளியே ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது. நல்லமுத்து லொறியைக் கொண்டுவந்து, மூக்கு பெரிய ரோட்டைப் பார்க்கும்படி கரவனின் வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டில் புதுக் கம்பளி ஒன்று விரித்திருந்தது. டீசல் ஏன் வீணாகிறது, வேண்டுமென்றால் ஸ்டார்ட் பண்ணலாமே என்று முத்துலிங்கம் குடையோடு வந்து கேட்டாராம். பொழுது விடிந்து, பெரட்டுக்கு ஆட்கள் போய், மழை குறைகிற வரைக்கும் அந்த எஞ்சின் சத்தம் கரவனின் சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சர்மிளா வலிக்கு நடுவில் ஒருதரம், "அப்பா இருக்காங்கள்ல?" என்றாள்.

"இருக்காரு. நல்லா கேளு" என்றேன்.

பிள்ளை பிறந்து அழுதது. அந்த அழுகை வெளியே கேட்டிருக்கும், பிள்ளைக்காம்பரா வாசலில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். எஞ்சின் நிற்கவில்லை.

நான் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கி ஓடினேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி, கியரைப் போடத் தயாராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்பளப் புள்ளண்ணே" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"சர்மிளா?"

"நல்லா இருக்கா. பேசுறா. தேத்தண்ணி கேக்குறா."

"நீ பாத்தியா?"

"பாத்துட்டுத்தான் வர்றேன். கண்ணத் தொறந்து, பேசிக்கிட்டு இருக்கா."

நல்லமுத்து இன்னும் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.